நெல்டா பெயரில் ஒரு ரசீதுப் புத்தகம்

தால்கா, 9 ஜூன் 1996

அன்புள்ள எர்மிந்தா,

நான் சுகம். நீயும் எலியாசரும் பிள்ளைகள் இருவரும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே ஒன்பது நாளாக மழை விடவில்லை. உங்கள் வயேனாரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். பாதியை இங்கே அனுப்பி வை.

ஒரு செய்தி. மே மாதத்திலிருந்து உன் அண்ணி வாத்தியாரம்மா ஆகிவிட்டாள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் பயிற்சி நிலையத்தில் கேக், பிஸ்கட் செய்யக் கற்றுக் கொடுக்கிறேன். செவ்வாய், வியாழன் சாயங்காலம். வாரத்துக்கு எட்டு மணி நேரம், மணிக்கு மூவாயிரம் பெசோ. நாற்பத்து நாலு வயதில் கரும்பலகை முன்னால் நின்றபோது முதல் நாள் சாக்பீஸ் கையில் உடைந்து விழுந்தது.

உன்னிடம் ஒரு சந்தேகம் கேட்கத்தான் இந்தக் கடிதம். மாதத்துக்குத் தொண்ணூற்றாறாயிரம் என்றார்கள். கையில் கொடுத்தது எண்பத்தாறாயிரத்து நானூறு. காசாளரிடம் கேட்டேன்.

"பத்துல ஒண்ணு பிடித்தம், அம்மா."

"யாருக்குப் பிடிச்சீங்க?"

"அரசாங்கத்துக்கு."

"அரசாங்கமா வந்து மாவு பிசையுது?"

அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். நான் சம்பளக்காரி இல்லையாம், சொந்தத் தொழில் செய்பவளாம். அதனால் வரி அலுவலக முத்திரை போட்ட ரசீதுப் புத்தகத்திலிருந்து மாதம் ஒரு ரசீது கிழித்துக் கொடுக்க வேண்டுமாம். என்னிடம் ஏது? உன் அண்ணன் சுரங்க வேலைக்குப் போவதற்கு முன் வீடுகளுக்கு மின்கம்பி இழுத்தபோது வைத்திருந்த புத்தகம் மேசை இழுப்பறையில் கிடந்தது. அதிலிருந்து 41ஆம் எண்ணைக் கிழித்துக் கொடுத்தேன். "யார் புத்தகமா இருந்தா என்ன, காகிதம் இருந்தா சரி" என்றார் காசாளர். இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பங்குக் கோவில் கணக்கையே நீதானே எழுதுகிறாய். இந்தப் பத்தில் ஒன்று சரியா, ஏமாற்றா? சொல்.

உன் அண்ணன் வழக்கம்போல இருபது நாள் வேலை, பத்து நாள் விடுப்பு. சுகமாக இருக்கிறார்.

அன்புடன்,
நெல்டா


வயேனார், 24 ஜூன் 1996, புனித யோவான் திருநாள்

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஆண்டவர் கிருபையில் நாங்கள் நால்வரும் நலம். பிள்ளைகளில் செபாவுக்கு மட்டும் இருமல். நீங்கள் வாத்தியாரம்மா ஆனதைக் கேட்டு எலியாசர், "நமக்கு ஒரு பார்சல் வராதா" என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பத்தில் ஒன்று என்றதும் எனக்குக் கோவில் காணிக்கைதான் நினைவுக்கு வந்தது. ஆனால் காணிக்கை திரும்பி வராது, இது திரும்பி வரும். அந்த ஒன்பதாயிரத்து அறுநூறை உங்கள் பெயரில் அரசாங்கம் வாங்கி வைத்திருக்கிறது. அடுத்த ஏப்ரலில் முந்தைய வருடக் கணக்கைக் காட்ட வேண்டும். உங்கள் வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லாவிட்டால் பிடித்தது முழுவதும் கைக்கு வந்துவிடும். ஆகவே ஏமாற்று இல்லை.

அண்ணி, உங்கள் பெயரில் என்று எழுதிவிட்டேன். ஆனால் இப்போது அது உங்கள் பெயரில் இல்லை. ரசீது அண்ணன் பெயரில் இருப்பதால் அந்த வேலை செய்தவர் அண்ணன், பணம் அண்ணனுடையது, திரும்பி வருவதும் அண்ணனுக்குத்தான். எல்லாரும் செய்கிறார்கள் என்றீர்கள். எல்லாரும் செய்தாலும் அது நடக்காததை நடந்ததாக எழுதுவது. எனக்கு மனசு ஒப்பவில்லை.

சந்தேகம் தீர இங்குள்ள வரி அலுவலகத்திலும் போய்க் கேட்டேன். சன்னலில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்கா, அம்மா?"

"எங்க அண்ணிக்கு. தால்காவுல இருக்காங்க."

"அப்ப தால்கா ஆபீஸ்ல கேக்க வேண்டியதுதானே?"

"அவங்க கேக்க மாட்டாங்க. அதான் நான் வந்தேன்."

தொழில் தொடங்கியதாக ஒரு படிவம் எழுதிக் கொடுத்து, அச்சகத்தில் உங்கள் பெயரில் புத்தகம் அடித்து, அதற்கு முத்திரை வாங்க வேண்டும். அடையாள அட்டையும் வீட்டு முகவரிக்கு ஒரு சான்றும் எடுத்துக்கொண்டு போங்கள். படிவத்துக்குப் பணம் இல்லை. பயப்படவும் ஒன்றுமில்லை.

அண்ணனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். விடுப்பில் வரும்போது இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

உங்கள்,
எர்மிந்தா


தால்கா, 11 ஆகஸ்ட் 1996

அன்புள்ள எர்மி,

செபாவின் இருமல் எப்படி? எலுமிச்சையும் தேனும் கொடு. பதில் எழுத ஏழு வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதத்தைச் சமையலறைச் சுவரில் குத்தி வைத்து, தினமும் பார்த்து, தினமும் நாளைக்கு என்று தள்ளினேன். அதற்குள் ஜூன், ஜூலை சம்பளத்துக்கும் உன் அண்ணன் புத்தகத்திலிருந்தே 42, 43 கிழித்துக் கொடுத்துவிட்டேன். திட்டு.

போன மாதக் கடைசியில் ஒருவழியாகப் போனேன். கல்யாணப் பதிவுப் புத்தகம், உன் அண்ணன் அடையாள அட்டையின் நகல், அவருடைய பழைய ரசீதுப் புத்தகம் எல்லாவற்றையும் பையில் அடைத்துக்கொண்டு போனேன். சன்னலில் சின்னப் பெண். எல்லாவற்றையும் பரப்பி வைத்தேன்.

"இதெல்லாம் எதுக்கும்மா?"

"என் வீட்டுக்காரரோட காகிதம்."

"கேக் சொல்லிக் குடுக்கறது நீங்களா, அவரா?"

"நான்தான்."

"அப்ப அவரை வீட்டுலயே விட்டுட்டு வாங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

இப்போது என் பெயரில் புத்தகம் இருக்கிறது. ஒவ்வொரு தாளிலும் முழுப் பெயர்: நெல்டா ருபிலார் சான்சாவ். தொழில்: பயிற்றுநர். எண் ஒன்றிலிருந்து ஐம்பது வரை. ஆகஸ்ட் சம்பளத்துக்கு ஒன்றாம் எண் தருவேன். கெட்டுப் போகக் கூடாதே என்று பழைய நோட்டில் மூன்று முறை எழுதிப் பழகியிருக்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. சனிக்கிழமைகளில் இந்தத் தெருப் பெண்கள் ஐந்து பேர் கல்யாணக் கேக் கற்க வீட்டுக்கே வருகிறார்கள். அவர்களுக்கும் ரசீது தர வேண்டுமா? இன்னொன்று, செலவைக் கழிக்கலாம் என்று அந்தச் சின்னப் பெண் சொன்னாள். மாவு, முட்டை, பஸ், ஏப்ரன் எல்லாம் செலவுதான். எது தொழில் செலவு, எது வீட்டுச் செலவு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஒரே சர்க்கரைப் பையிலிருந்துதான் வகுப்புக்கும் எடுக்கிறேன், காபிக்கும் எடுக்கிறேன்.

உன் அண்ணன் சுகம். வேலை அதிகமாம்.

அன்புடன்,
நெல்டா


வயேனார், 29 ஆகஸ்ட் 1996

அன்புள்ள அண்ணிக்கு,

செபா தேறிவிட்டான். எலுமிச்சை, தேன் இரண்டையும் குடித்துவிட்டு இப்போது தேன் மட்டும் கேட்கிறான். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பு முழுக்க நின்றுகொண்டே இருந்தால் கால் வீங்கும்.

புத்தகம் வாங்கியதற்காக மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். திட்டவில்லை. 41, 42, 43 இந்த மூன்றின் அடிக்கட்டையைக் கிழிக்காமல் பத்திரமாக வையுங்கள்.

சனிக்கிழமைப் பெண்களுக்கும் ரசீது தர வேண்டும். பயிற்சி நிலையம் பிடித்தம் செய்து அதுவே கட்டிவிடும். இந்தப் பெண்கள் கட்டமாட்டார்கள். ஆகவே அந்தப் பணத்தில் பத்தில் ஒன்றை நீங்களே எடுத்து வைத்து, அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதிக்குள் வங்கியில் படிவத்தோடு கட்டுங்கள். நான் செய்வது போலச் செய்யுங்கள். பணம் கைக்கு வந்த நிமிடமே அதைத் தனி உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். ஒட்டிய உறையைத் திறக்கக் கை கூசும்.

செலவு விஷயத்தில் நீங்கள் பிரிக்க வேண்டாம். ஒரு பில்லையும் எறியாமல் காலணிப் பெட்டியில் போட்டு வையுங்கள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சேர்த்து அனுப்புங்கள். எத்தனை மாணவிகள், எந்த நாளில் என்ன செய்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிவிட்டால் போதும். வகுப்பின் மாவு எது, வீட்டு மாவு எது என்று நான் பிரித்துத் தருகிறேன். போன கோடையில் உங்கள் வீட்டில் மூன்று வாரம் இருந்தவள்தானே நான். எவ்வளவு செலவாகும் என்று தெரியும்.

அண்ணன் ஒரு வரியும் எழுதவில்லை. செப்டம்பர் பதினெட்டு சுதந்திரப் பண்டிகைக்காவது விடுப்பு கிடைத்ததா?

உங்கள்,
எர்மிந்தா


தால்கா, 27 அக்டோபர் 1996

அன்புள்ள எர்மி,

எல்லாரும் நலமா? எனக்குக் கால் வீக்கம் இல்லை, நீ சொன்னபடி இடையில் உட்காருகிறேன்.

பெட்டியை பஸ் பார்சலில் போட்டிருக்கிறேன். மூன்று மாதத்துப் பில் எல்லாம் உள்ளே இருக்கிறது. ரொட்டிக் கடை, மருந்துக் கடை, எரிவாயு எதையும் விடவில்லை. மேலே எலியாசருக்கு ஒரு பொட்டலம், மஞ்சர் பால்பாகு வைத்த பிஸ்கட். அதற்குப் பில் தேடாதே.

வீட்டுக்கார அம்மா தோனியா எடெல்வினா மகளோடு இருக்க சாந்தியாகோ போகிறாராம், வீட்டை விற்கிறார். "பன்னெண்டு வருசம் வாடகை தவறாம குடுத்தவ நீ. உனக்குத்தான் மொதல்ல கேக்கறேன்" என்றார். நாலு லட்சம் முன்பணம், மீதியை மாதத் தவணையாகக் கொடுக்கலாம். அடுத்த மே முடியும்வரை பொறுப்பார். அதற்கு மேல் என்றால் மூலைக் கடை மருந்துக்காரர் வாங்கி இடித்துக் கிடங்கு கட்டிவிடுவார். அடுப்பையும் சனிக்கிழமைப் பெண்களையும் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவது? மே மாதமே வங்கியில் சேமிப்புக் கணக்கு திறந்து மாதாமாதம் போட்டு வருகிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன், இழுத்துப் பிடித்தால் எட்டிவிடும்.

பதினெட்டாம் தேதிப் பண்டிகைக்கு உன் அண்ணன் வந்து போனார். நன்றாகக் கழிந்தது.

அன்புடன்,
நெல்டா


வயேனார், 1 டிசம்பர் 1996

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே மாதாவின் வணக்க மாதம் நடக்கிறது, எட்டாம் தேதியோடு முடியும். தினமும் சாயங்காலம் பூ எடுத்துக்கொண்டு செபமாலைக்குப் போகிறோம். உங்கள் வீட்டுக்காகப் பத்து மணிகள் தனியாக உருட்டிச் சொல்கிறேன். பிஸ்கட்டை எலியாசர் ஒளித்து வைத்துச் சாப்பிட்டார், பிள்ளைகளில் பவோலா கண்டுபிடித்துவிட்டாள்.

பெட்டி முழுவதையும் பிரித்துவிட்டேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பில். சாப்பாட்டு மேசையில் பரப்பி இடப்பக்கம் வகுப்பு, வலப்பக்கம் வீடு என்று அடுக்கினேன். எட்டு நாள் பிடித்தது. எலியாசர், "நாங்க நின்னுக்கிட்டே சாப்பிடறோம், நீ நிதானமா எண்ணு" என்றார்.

முதலில் சிரிக்க ஒரு செய்தி. வரி அலுவலகம் கொடுத்த சிறு புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். உங்களைப் போன்றவர்கள் பில் எதுவும் காட்டாமலே வருமானத்தில் நூற்றுக்கு முப்பதைச் செலவாகக் கழிக்கலாமாம். உங்கள் உண்மையான தொழில் செலவு நூற்றுக்குப் பதினெட்டுதான் வருகிறது. ஆக, முப்பதையே எடுத்துக்கொள்ள வேண்டியது. இந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பில்லும் அவர்களுக்குத் தேவையில்லை. முன்பே கடைசிப் பக்கத்தைப் படித்திருக்க வேண்டும்.

இருந்தாலும் எழுதியதை எறிய மனமில்லை, சுருக்கத்தை அனுப்புகிறேன்.

வகுப்புப் பங்கு: மாவு, முட்டை, சர்க்கரை, வெண்ணெய் சரியாக இருக்கிறது. வீணடிப்பு இல்லை. ஏப்ரன் இரண்டு. பஸ் நாற்பத்தெட்டு முறை.

வீட்டுப் பங்கு: ரொட்டி நாளுக்கு இரண்டு. எரிவாயு ஏழு வாரத்துக்கு ஒரு சிலிண்டர். சவர பிளேடு இல்லை. சிகரெட் இல்லை. வைன் இல்லை. செப்டம்பர் 17: பண்டிகைக் கறி அப்பம், எம்பனாதா, ஒன்றே ஒன்று.

இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். எண்ணிக்கையில் பிழை இல்லை.

பெட்டியை என்னிடமே வைத்திருக்கிறேன், யார் கைக்கும் போகாது. நாளுக்கு இரண்டு ரொட்டி போதாது, அண்ணி. முட்டையில் வகுப்புக்குப் போக ஒன்றிரண்டு நீங்களும் சாப்பிடுங்கள்.

உங்களுக்கு என் அன்பு.

எர்மிந்தா


தால்கா, 26 ஜனவரி 1997

அன்புள்ள எர்மி,

எட்டு வாரம் கழித்து எழுதுகிறேன். பண்டிகைக்கு வாழ்த்து அட்டைகூட அனுப்பவில்லை. உன் சுருக்கத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தேன். மறுபடி பிரிக்க இத்தனை நாள் ஆயிற்று.

இந்த ஒரு கடிதத்தில் மட்டும் நீ உன் அண்ணனைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்கு நன்றி.

போன வருடம் ஈஸ்டருக்கு வந்தவர்தான். அதன் பிறகு வரவில்லை, பணமும் வரவில்லை. வேறு முகவரியில் இருக்கிறார் என்று மட்டும் கூட வேலை செய்பவன் ஒருவன் சொன்னான். மேலே நான் கேட்கவில்லை. மே மாதம் வேலைக்குப் போனேன். உன்னிடம் பொய் எழுதினேன். உன் ரத்தம் அவர். கல்யாணத்தைக் கடவுள் போட்ட முடிச்சு என்று நினைக்கிறவள் நீ. நான் சரியாக நடத்தாததால்தான் போனார் என்று நீ ஒரு நிமிடம் நினைத்துவிடுவாயோ என்று பயந்தேன்.

இப்போது நிஜமான கஷ்டம். முன்பணம் மே மாதத்துக்குள் சேர்ந்துவிடும். ஆனால் பத்திரம் எழுதும் நோட்டரி அலுவலகத்தில் வக்கீல் ஒருவர், "புருஷன் கையெழுத்தில்லாம பொண்டாட்டி வீடு வாங்கறதா" என்று ஆரம்பித்தார். பிறகு சட்டத்தைப் புரட்டினார். மனைவி தனியாகத் தொழில் செய்து சம்பாதித்தால் அது அவளுடையது, அவளே வாங்கலாம், ஆனால் காகிதத்தால் நிரூபிக்க வேண்டும். என் தொழில் பதிவையும் ஆகஸ்டிலிருந்து கிழித்த ரசீதுகளின் அடிக்கட்டைகளையும் காட்டினேன். இது சரி என்றார். பிறகு சேமிப்புப் புத்தகத்தைப் புரட்டினார்.

"மே, ஜூன், ஜூலைல போட்ட பணம் எங்கேருந்து வந்தது? உங்க பதிவே அப்புறந்தானே?"

41, 42, 43 என்று சொல்ல வேண்டியதாயிற்று.

"அப்ப அது அவர் சம்பளம். அவர் பணம் கலந்த வீட்டுக்கு அவர் கையெழுத்து வேணும். இல்லன்னா அந்த வேலையைச் செஞ்சது நீங்கதான்னு அவர் நோட்டரி முன்னாடி எழுதித் தரணும்."

சுரங்க ஒப்பந்தக்காரர் முகவரிக்கு எழுதினேன், கடிதம் திரும்பி வந்துவிட்டது. நீ சொன்னபடி மே மாதமே அந்த அலுவலகத்துக்குப் போயிருந்தால் இது வந்திருக்காது என்று எழுதப் பார்த்தேன். மே மாதம் உன்னிடம் நான் கேட்கவே இல்லை.

நெல்டா


வயேனார், 6 பிப்ரவரி 1997

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்கள் பயந்தபடி நான் நினைக்கவில்லை, ஒரு நிமிடம்கூட.

41, 42, 43 அடிக்கட்டைகளின் நகல் வேண்டும். பிடித்தம் செய்ததற்கு அண்ணன் பெயரில் பயிற்சி நிலையம் மார்ச்சில் தரும் சான்றிதழும் வேண்டும். வந்ததும் அனுப்புங்கள்.

அண்ணனின் வரிக் கணக்கைப் பதினோரு வருடமாக நான்தான் எழுதித் தருகிறேன். ஏப்ரல் முப்பதுக்குள் யாரிடம் வர வேண்டும் என்று அவருக்குத் தெரியும். சிலிண்டரை மாற்றும்போது நீங்களே தூக்காதீர்கள்.

எர்மிந்தா


வயேனார், 13 ஏப்ரல் 1997

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமென்று நம்புகிறேன். இத்துடன் ஒரு காகிதம் இருக்கிறது, முதலில் அதைப் படித்துவிட்டு இதைப் படியுங்கள்.

வியாழக்கிழமை மதியம் அண்ணன் வந்தார். இளைத்திருந்தார். காகிதக் கட்டை மேசையில் வைத்துவிட்டு, "எர்மி, உக்காந்து எழுதிடலாமா? சாயங்காலம் பஸ்ஸு" என்றார்.

"சூப் ஆறுது. மொதல்ல குடிண்ணே."

குடித்து முடித்ததும் பயிற்சி நிலையச் சான்றிதழை எடுத்து அவர் காகிதங்களின் மேல் வைத்தேன்.

"என்னது இது?"

"போன வருசம் நீ தால்காவுல கேக் செய்யச் சொல்லிக் குடுத்திருக்க. மூணு மாசம். ரெண்டு லட்சத்து எண்பத்தெட்டாயிரம் பெசோ."

"நானா? நான் முட்டை உடைச்சா ஓடுதான் மிஞ்சும்."

எலியாசர் சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"அப்ப யாரு சொல்லிக் குடுத்ததுண்ணே?"

கொஞ்ச நேரம் ஸ்பூனைத் திருப்பிக்கொண்டிருந்தார். "நெல்டா உன்கிட்ட அழுதாளாக்கும்."

"அண்ணி அழல. மொதல்ல கடை பில்லுதான் சொல்லிச்சு."

"அவளுக்கு என்ன வேணுமாம்?"

"அவங்களுக்கு ஒண்ணும் வேணாம். கேக்கறது நான். இந்த மூணு ரசீதும் உன் புத்தகம், ஆனா வேலை அவங்களோடதுன்னு நாளைக்குக் காலைல நோட்டரிகிட்ட வந்து எழுதிக் குடு."

"எதுக்கு?"

மறைக்கவில்லை, வீட்டைப் பற்றிச் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது. "வீடு அவ பேர்லயா? நான் இன்னும் அவ புருஷன் தெரியும்ல?"

"தெரியும். கோவில்ல பூ பிடிச்சுட்டு நான்தான் பக்கத்துல நின்னேன். நீ புருஷன் இல்லைன்னு யாரும் எழுதச் சொல்லல. நீ கேக் வாத்தியார் இல்லைன்னுதான் எழுதச் சொல்றேன்."

"மாட்டேன்னு சொன்னா?"

"உன் கணக்கை நீயே எழுதிக்கோ."

பேனாவையும் படிவத்தையும் அவர் பக்கம் தள்ளிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை. அரைமணி கழித்து வந்தபோது தன் பெயரையும் முகவரியையும் எழுதி முடித்திருந்தார். முகவரிக்குத் தால்கா வீட்டை எழுதி, அடித்து, வேறு ஊர் எழுதியிருந்தார். அதற்கு மேல் ஒரு கட்டமும் நகரவில்லை.

"பதினோரு வருசமா எப்படி எழுதற இதை?" என்றார்.

"படிச்சுப் படிச்சுத்தான்."

அன்று பஸ் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதம்தான் இது. திரும்பி வந்து அவர் கணக்கை எழுதிக் கொடுத்தேன். சான்றிதழ் அவர் பெயரில் இருப்பதால் அந்தப் பிடித்தம் இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு அவர் கணக்கில்தான் சேரும், மாற்ற முடியாது என்று வரி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். ஆகவே அதை ரொக்கமாக வாங்கிக்கொண்டேன். தபால் மணியார்டராக வரும்.

உங்கள் கணக்கையும் எழுதி இணைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போட்டு வங்கியில் கொடுங்கள். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை பிடித்ததும் நீங்களாகக் கட்டியதும் முழுவதும் திரும்பி வரும்.

இன்னொன்று எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாமல் விட்டால் அதுவும் நடந்ததை மறைப்பதாகும். போகும்போது அண்ணன் ஒரு பை வெள்ளைக் கம்பளி நூலை என் மேசையில் வைத்து, "உனக்குப் பின்னல் நல்லா வருமே, எர்மி" என்றார். ஜூன் கடைசிக்குள் வேண்டுமாம். சின்ன அளவு. அந்தப் பை அலமாரிமேல் அப்படியே இருக்கிறது. நான் தொடவில்லை.

உங்கள்,
எர்மிந்தா


தால்கா, 25 மே 1997

அன்புள்ள எர்மி,

ஆண்டவர் உங்கள் எல்லாரையும் நலமாக வைக்கட்டும். எனக்கு நல்ல சளி, ஆனால் மனசு லேசாக இருக்கிறது.

வியாழக்கிழமை பத்திரம் முடிந்தது. வக்கீல் உன் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு என் தொழில் பதிவு, அடிக்கட்டைகள், நீ எழுதிய கணக்கின் நகல். "இதை எழுதினது யாரு? கணக்காளரா?" என்றார். "என் நாத்தனார். வீட்டைப் பாத்துக்கிட்டு இருக்கா" என்றேன்.

எழுத்தர் உரக்கப் படித்தார். நெல்டா ருபிலார் சான்சாவ், திருமணமானவர், பயிற்றுநர், தன் தனித் தொழில் வருமானத்திலிருந்து வாங்குகிறார். 'திருமணமானவர்' என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். சரிதானே என்றார். சரிதான் என்றேன். அது பொய் இல்லை. தோனியா எடெல்வினா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கூரையில வடக்கு மூலை ஒழுகும், சொல்லாம விக்கறேன்னு நெனைக்காத" என்றார். பன்னிரண்டு வருடமாக அங்கே வாளி வைக்கிறவளிடம்.

எழுத மேசைமுன் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஆகிறது. கம்பளி நூலைப் பற்றி. எங்களுக்குப் பிள்ளை வாய்க்கவில்லை என்று உனக்குத் தெரியும். எத்தனை கோவில் சன்னிதி ஏறினோம் என்றும் தெரியும். பையைத் தொடவில்லை என்று எனக்காகத்தான் எழுதினாய். எர்மி, ஜூனில் பிறக்கிற பிள்ளைக்கு நல்ல குளிர். பின்னிக் கொடு. கழுத்துப் பக்கம் இறுக்கமாக இல்லாமல் பார்.

மணியார்டர் வந்தது. அதை உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். கூரைக்கு.

அன்புடன்,
நெல்டா


வயேனார், 15 ஜூன் 1997

அன்புள்ள அண்ணிக்கு,

சளி விட்டதா? இங்கே எல்லாரும் சுகம். பத்திரச் செய்தியை எலியாசர் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். கணக்காளரா என்று கேட்ட இடத்தில் மட்டும் மூன்று முறை.

நீங்கள் சொன்னபடி பின்னி அனுப்பிவிட்டேன். ஒரு சட்டை, ஒரு தொப்பி, கால் உறை ஒரு ஜோடி. கூடவே ஒரு சீட்டு வைத்தேன். வேறு எதுவும் எழுதவில்லை, ஞானஸ்நானத்தைத் தள்ளிப் போட வேண்டாம் என்று மட்டும்.

மே மாதச் சனிக்கிழமைப் பணத்துக்குப் பன்னிரண்டாம் தேதி கட்டினீர்களா? கட்டியிருப்பீர்கள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஜூலையில் பள்ளிக்குக் குளிர்கால விடுமுறை. எலியாசருக்கும் ஒரு வாரம் லாரி ஓட்டும் வேலை இல்லை. நாலு பேருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன். ஐந்தாம் தேதி காலை எட்டு மணிக்கு தால்காவில் இறங்குவோம். எலியாசர் கூரை ஏறுவதாகச் சொல்லியிருக்கிறார், சுத்தியலைத் துணியில் சுற்றி இப்போதே எடுத்து வைத்துவிட்டார். ரொட்டி எத்தனை வாங்குவது என்று கவலைப்படாதீர்கள், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

நேற்று துணி மடித்துக்கொண்டிருந்தபோது பவோலா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, மாமா வீட்டுக்கா போறோம்?"

"இல்லடி. அத்தை வீட்டுக்கு."

சரி என்று சொல்லிவிட்டுத் தன் பாவாடையை மடிக்கத் தொடங்கினாள்.

உங்கள்,
எர்மிந்தா